ஒரு நாள் சி.டி.இ.யில் வாய் நோயறிதல்: படம் காட்டினால் போதுமா, பயாப்ஸியைக் கையில் கொடுக்க வேண்டுமா?

மார்ச் 2, காலை. இழையைத் தொடங்கியவர்

எங்கள் பல் மருத்துவர் சங்கக் கிளையின் அடுத்த சி.டி.இ.க்கு (தொடர் பல் மருத்துவக் கல்வி) ஒரு ஞாயிறு முழுசாகக் கிடைத்திருக்கிறது. இம்பிளாண்ட், அலைனர், ரோட்டரி என்று வழக்கமான தலைப்புகள் வரிசையில் இருக்கின்றன. இந்த முறை வாய் நோயறிதல் வைக்கலாம் என்றேன். கமிட்டியில் வந்த பதில்: "ஜெனரல் பிராக்டிஸில் யாரும் பயாப்ஸி (சோதனைக்குத் திசுவை வெட்டி எடுப்பது) எடுக்கப்போவதில்லை. சந்தேகம் வந்தால் காலேஜுக்கு அனுப்பிவிடுவோம். ஒரு மணி நேரம் படம் காட்டச் சொல்லுங்கள், போதும்." 30 பேர் வரலாம், பெரும்பாலும் தனிக் கிளினிக்காரர்கள். படம் காட்டினால் போதுமா? முழு நாளையும் கேட்டு வாங்கினால் அதில் எதை வைப்பது?

மார்ச் 2, இரவு. நோய்க்குறியியல் (லேபில் திசுவைப் பார்ப்பவர்)

அனுப்புவதற்கு முன் பார்த்திருக்க வேண்டுமே. கீழ்க் கடைவாய்ப் பல் வலி என்று வந்தவருக்கு அந்தப் பல்லை மட்டும் தட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுப்பவர், நாக்கின் பின் ஓரத்தில் இருக்கும் சிவப்புத் திட்டை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கமிட்டிக்குச் சொல்ல ஒரு சான்று. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை இரண்டு அணியாகப் பிரித்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. 2005-ல் லான்செட்டில் முடிவு வந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34% குறைந்திருந்தது. அங்கே பயன்பட்டது கண்ணும் வெளிச்சமும், விடாமல் பின்பற்றிய ஒரு வரிசையும். பி.டி.எஸ். முடித்தவரிடம் முதல் இரண்டும் உண்டு. வரிசைதான் கைவிட்டுப் போகிறது.

அதனால் முதல் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடே போடாதீர்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஒருவர் வாயை ஒருவர் பார்க்கட்டும். கையுறை, இரண்டு மவுத் மிரர், நான்காக மடித்த காஸ் துணி, தலைவிளக்கு போதும். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் கழுத்து: தாடைக்கு அடியில், தாடைக் கோணத்துக்குக் கீழே, கழுத்துத் தசையின் முன் ஓரம் வழியாக. பிறகு உதடு, உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம் (வாய்க்கோணத்திலிருந்து கடைசிப் பல்லுக்குப் பின்னால் வரை), ஈறு, நாக்கின் மேல்புறம். அடுத்து காஸால் நாக்கு நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து இடது ஓரத்தையும், இடப்பக்கம் இழுத்து வலது ஓரத்தையும் பார்க்க வேண்டும். மிரரால் கன்னத்தை ஒதுக்கினால்தான் கடைசி 2 செ.மீ. தெரியும். நாக்கை மேலே தூக்கச் சொல்லி நாக்கடி. அங்கே ஒரு விரல் உள்ளே, மறுகை விரல்கள் தாடைக்கு வெளியே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கடைசியாக அண்ணம், தொண்டை வாயில்.

பழகினால் இரண்டு, மூன்று நிமிட வேலை. பெரும்பாலும் விட்டுப்போவது நாக்கின் பின் ஓரமும் நாக்கடியும். ஆபத்து அதிகமுள்ள இடங்களும் அவைதான்.

மார்ச் 3. நோய்க்குறியியல்

மேலே விட்டது ஒன்று. கூரான பல், பொருந்தாத செட்டு, உடைந்த ஃபில்லிங் பக்கத்தில் புண் இருந்தால் காரணத்தை நீக்கிவிட்டு 2 வாரம் கழித்துப் பார்க்கிறோம், ஆறவில்லை என்றால் பயாப்ஸி. இது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பல்லைத் தேய்த்துவிட்டதும் உரசல் வலி குறைந்துவிடும். வலி இல்லை என்பதால் நோயாளி திரும்பி வரமாட்டார். புற்று இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே 2 வார விதியைச் சொல்லித்தரும்போது கூடவே ஒரு நோட்டையும் சொல்லித்தர வேண்டும். பெயர், போன், வீட்டில் இன்னொருவர் போன், புண் எந்தப் பக்கம் எந்த இடம், எத்தனை மி.மீ., காரணத்தை நீக்கிய தேதி, திரும்ப வரவேண்டிய தேதி. அந்தத் தேதியில் வராவிட்டால் மறுநாள் கிளினிக் உதவியாளர் கூப்பிட வேண்டும். அளவை ஸ்கேலால் எடுங்கள். "சின்னப் புண்" என்று எழுதி வைத்தால் சுருங்கியதா பெருத்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 4. நோய்க்குறியியல்

இனி பயாப்ஸி மேசை. கமிட்டி வேண்டாம் என்று சொல்வது இதைத்தான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டு நாக்கு வாங்குங்கள், இரண்டு பேருக்கு ஒன்று. ஐஸ் பெட்டியில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைத்து உறைய விடக்கூடாது. உறைந்தால் திசுவுக்குள் பனிப்படிகம் கட்டி ஓட்டை ஓட்டையாகிவிடும், பிறகு ஸ்லைடு போட்டுப் பயனில்லை. மேல்புறம் சொரசொரப்பு, அங்கே பழக வேண்டாம். அடிப்புறமும் ஓரமும் மனிதத் திசுவின் இழுவைக்கு ஓரளவு கிட்ட வரும். ஜென்ஷன் வயலட்டால் 15 மி.மீ. திட்டு ஒன்று வரைந்து, அதன் ஒரு மூலையை வேறு நிறத்தில் காட்டி, "சிவந்த பகுதி இது" என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே வெட்டுவது என்ற முடிவும் பயிற்சிக்குள் வரட்டும். கலப்புத் திட்டில் சிவந்த, தடித்த, மேடான பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். புண் என்றால் நடுவில் அழுகல் மட்டும் கிடைக்கும், ஓரம் வேண்டும். பெரிய திட்டென்றால் இரண்டு மூன்று இடம், இடத்துக்கு ஒரு பாட்டில்.

மரத்துப்போகும் ஊசியைத் திட்டுக்குள் போடக்கூடாது, 1 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் போடுங்கள். உள்ளே போட்டால் மருந்து நீர் இணைப்புத்திசுவைப் பிரித்துவிடும், ஸ்லைடில் அது நீர்க்கோவை போலத் தெரியும். 15-ஆம் எண் பிளேடு. அகலத்தைப் போல் 3 மடங்கு நீளத்தில் கண் வடிவ வெட்டு, இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்து அடியில் சேர வேண்டும். பஞ்ச் (வட்டமாகத் துளைத்தெடுக்கும் கருவி) என்றால் 5 அல்லது 6 மி.மீ. எடுத்துக்கொள்ளலாம். 3 மி.மீ. துண்டு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) சுருங்கிய பின் எந்தப் பக்கம் மேல் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

துண்டைப் பல் வைத்த ஃபோர்செப்ஸால் பிடிக்கவே வேண்டாம். வெட்டுவதற்கு முன் ஒரு முனையில் 3-0 பட்டுநூலைக் கோத்து, அதைப் பிடித்துத் தூக்கி அடியை அறுக்க வேண்டும். எடுத்ததும் ஒரு சின்னக் கெட்டித்தாள் மேல், அடிப்பக்கம் தாளில் ஒட்டும்படி விரித்து, ஒரு நிமிடம் விட்டுத் தாளோடு ஃபார்மலினில் போடுங்கள். தாள் இல்லாமல் போட்டால் சுருண்டுவிடும், குறுக்கே வெட்டும்போது மேல்தோல் சாய்வாக விழும். சாய்வாக விழுந்த மேல்தோலில் அடிச்செல்கள் தீவுதீவாகத் தெரியும். அதைப் புற்றின் ஊடுருவல் என்று எண்ணவும் இடமுண்டு, ஊடுருவலை இல்லை என்று விடவும் இடமுண்டு.

சூட்டால் வெட்டும் காட்டரியால் எடுக்க வேண்டாம். ஓரத்துச் செல்களின் நியூக்ளியஸ் நூலாக நீண்டு கருகிவிடும், டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) பார்க்க வேண்டிய இடமே போய்விடும். பவுடர் போட்ட கையுறையும் வேண்டாம். ஸ்டார்ச் துகள் திசுவில் ஏறும்.

மார்ச் 4, இரவு. நோய்க்குறியியல்

முக்கியமானது இனிதான். அந்த ஆட்டு நாக்குத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொருவரும் நான்கு துண்டு எடுக்கட்டும். ஒன்று சொன்னபடி சரியாக. இரண்டாவது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் நசுக்கிப் பிடித்து எடுத்தது. மூன்றாவது ஒரு நாள் முழுக்க சலைனில் (உப்புநீர்). நான்காவது ஸ்பிரிட்டில். நான்கையும் லேபில் கொடுத்து மெழுகில் பிளாக் கட்டி, 4, 5 மைக்ரானில் வெட்டி, வழக்கமான எச் அண்ட் ஈ சாயம் போட்டுப் படமெடுத்து அவரவருக்கே திருப்பி அனுப்புங்கள். சலைன் துண்டு அழுகிச் செல் விளிம்பு கரைந்திருக்கும். ஸ்பிரிட் துண்டு சுருங்கி இறுகியிருக்கும். நசுங்கியதில் நியூக்ளியஸ் எல்லாம் ஊதாக் கோடாக இழுபட்டிருக்கும்.

"திசு போதுமானதாக இல்லை, மீண்டும் அனுப்பவும்" என்று ரிப்போர்ட் வந்தால் கிளினிக்கில் லேபைக் குறை சொல்வார்கள், லேபில் கிளினிக்கைக் குறை சொல்வார்கள். தன் கையால் எடுத்த துண்டின் ஸ்லைடைப் பார்த்தவருக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி புரியும். சி.டி.இ. என்பது இப்படி ஏதாவது ஒன்று கைக்குத் திரும்பி வரும் ஏற்பாடாக இருக்க வேண்டும். பேச்சைக் கேட்டுச் சான்றிதழ் வாங்கிப் போனவர் மறுநாள் செய்யும் வேலையில் ஒரு மாற்றமும் இருக்காது.

மார்ச் 5. இழையைத் தொடங்கியவர்

மேடம், ஃபார்மலின் பற்றி. கிளினிக்கில் வாங்கி வைக்கலாமா? மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபார்மலினை 1-க்கு 9 தண்ணீர் விட்டுக் கலந்தால் போதும் என்றுதான் படித்திருக்கிறோம்.

மார்ச் 5. நோய்க்குறியியல்

அளவு சரி. கடையில் வருவது 37 முதல் 40% ஃபார்மால்டிஹைடு. 100 மி.லி.யை 900 மி.லி. தண்ணீரில் கலந்தால் 10% ஃபார்மலின், அதாவது ஏறத்தாழ 4% ஃபார்மால்டிஹைடு. ஆனால் வெறும் தண்ணீரில் கலந்து வைத்தால் நாள்பட அமிலமாகும். அமில ஃபார்மலின் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்புக்கறுப்புப் பொடியாகத் திசுவில் படியும், மெலனின் என்று ஏமாற்றும். அதனால் பஃபர் வேண்டும்: மேலே சொன்ன 1 லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர். கிளினிக்கில் கலக்க வேண்டிய அவசியமே இல்லை. துண்டு அனுப்பப் போகும் லேபில் கேட்டால் நிரப்பிய பாட்டிலாகவே தருவார்கள்.

துண்டின் அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு திரவம். வாய் அகலமான 30 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில். ஊசி மருந்துக் குப்பியில் திணித்து அனுப்புகிறார்கள். உள்ளே போகும்போது மெத்தென்று போகும், ஃபார்மலினில் விறைத்த பின் வெளியே வராது, குப்பியை உடைக்க வேண்டும். பெயரைப் பாட்டில் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம். லேபில் நான்கு பாட்டில் ஒன்றாகத் திறந்திருக்கும்போது மூடி மாறும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஃபார்மலின் நிறமற்றது. மரத்துப்போகும் மருந்து என்று எண்ணி ஃபார்மலினை ஊசியில் ஏற்றிப் போட்ட சம்பவங்கள் பல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிகிச்சை அறை டிரேயில், ஹைப்போகுளோரைட் பக்கத்தில், காலி மருந்துக் குப்பியில், தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். தனி அலமாரி, சிவப்பு ஸ்டிக்கர். பாட்டிலைத் திறந்து துண்டைப் போடுவது நோயாளியின் நாற்காலிக்கு அருகே வேண்டாம்.

மார்ச் 6. கதிரியல்

இழை முழுக்க மென்திசுவாகவே போகிறது. நோயறிதலில் பாதி எங்கள் பக்கம். மதியம் எனக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், இதைத்தான் வைப்பேன்.

முதலில் ஓ.பி.ஜி. (இரு தாடையையும் முழுதாகக் காட்டும் எக்ஸ்ரே) படிக்கும் வரிசை. பல்லைக் கடைசியில் பார்க்க வேண்டும். கண்டைல் (தாடை மூட்டு முனை) இரண்டு, ராமஸ் (கீழ்த்தாடையின் நிமிர்ந்த பின்பகுதி) இரண்டு, கீழ்த்தாடையின் கீழ் விளிம்பு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, நரம்புக் கால்வாய், சைனஸின் தரை, அண்ணக் கோடு, கழுத்தெலும்புப் பக்கம், பிறகு பல். இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டபடியே போக வேண்டும். பல்லிலிருந்து தொடங்கினால் சொத்தையைக் கண்டதும் கண் நின்றுவிடுகிறது, ராமஸில் இருக்கும் கருநிழல் அப்படியே போய்விடுகிறது.

இரண்டாவது, படத்தின் குறையை நோய் என்று எண்ணாமல் இருப்பது. தாடை கீழே குனிந்தால் பல்வரிசை மிகையாகச் சிரிக்கும், நிமிர்ந்தால் தட்டையாகிக் கவிழும். முன்னே தள்ளி நின்றால் முன்பற்கள் குறுகும், பின்னே போனால் அகலும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்காவிட்டால் மேல் பல் வேர்களின் மேல் கருப்புப் பட்டை விழும், வேர் நுனியே தெரியாது. கழுத்து தளர்ந்து நின்றால் நடுவில் வெள்ளை மூட்டம். கம்மல் கழற்றாவிட்டால் எதிர்ப்பக்கத்தில், சற்று உயரத்தில், மங்கலாக ஒரு நிழல். இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் காட்டி, "ரிப்பீட் எடுக்க வேண்டுமா, இதை வைத்தே பதில் சொல்லிவிட முடியுமா" என்று கேட்பேன்.

மார்ச் 6, மாலை. கதிரியல்

மேடத்தின் குறிப்புகளைப் படித்தால் சந்தேகம் என்றாலே வெட்டிப் பார்க்கச் சொல்வதுபோல் ஒரு தொனி வருகிறது. எலும்பில் அப்படி இல்லை. நடுவயதுப் பெண், கீழ் முன்பற்களின் வேர் நுனியில் இரண்டு மூன்று கருவட்டம், சொத்தை இல்லை, அடிபட்டதும் இல்லை. பல் உயிரோடு இருக்கிறதா என்று வைட்டாலிட்டி பார்க்காமல் நான்கு பல்லுக்கும் ஆர்.சி.டி. (வேர் சிகிச்சை) ஆரம்பிப்பார்கள். குளிர்ச் சோதனை செய்தால் எல்லாப் பல்லும் உயிரோடு இருக்கும். அது பெரிஏபிக்கல் சிமென்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா, வேர் நுனி எலும்பில் வரும் தீங்கற்ற மாற்றம். முதலில் கருப்பு, பிறகு நடுவில் வெண்புள்ளி, கடைசியில் கருவளையம் சூழ்ந்த வெள்ளை உருண்டை. ஆர்.சி.டி.யும் வேண்டாம், பயாப்ஸியும் வேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்த அந்த இடத்தைக் கிளறினால் கிருமி ஏறி எலும்பு அழுகும் ஆபத்துதான் மிச்சம். ஆண்டுக்கொரு படம் எடுத்துக் கவனித்தால் போதும்.

குளிர்ச் சோதனையை உயிருள்ள பக்கத்துப் பல்லில் முதலில் செய்து காட்டிவிட்டு, பிறகு சந்தேகப் பல்லுக்கு வர வேண்டும். நோயாளிக்கு எந்த உணர்ச்சியைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்காவிட்டால் பதில் தப்பாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐ.ஓ.பி.ஏ.யில் (வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே) ஒன்றும் தெரியவில்லை என்பதால் எலும்பில் நோய் இல்லை என்று ஆகாது. 1961-லேயே பெண்டரும் செல்ட்சரும் தாடையெலும்பில் குழி தோண்டிப் படமெடுத்துக் காட்டினார்கள்: பஞ்செலும்பில் மட்டும் இருக்கும் குழி படத்தில் தெரியவில்லை, புற எலும்பைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. பல் காரணம் எதுவும் இல்லாமல் கீழுதடும் முகவாயும் மரத்துப் போயிருந்தால் படம் சுத்தமாக இருந்தாலும் விடக்கூடாது.

மார்ச் 7. நோய்க்குறியியல்

கதிரியல் டாக்டர் சொன்னது சரி, அந்த விதிவிலக்கை முதல் நாளிலேயே எழுதியிருக்கலாம். கிளினிக்கில் கத்தி வைக்கக் கூடாதவை இன்னும் உண்டு. துடிக்கும் கட்டி, கண்ணாடித் தகட்டால் அழுத்தினால் வெளுத்து விட்டதும் நிறம் திரும்பும் நீலச்சிவப்பு வீக்கம்: ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, தொடாதீர்கள். எலும்புக்குள் இருக்கும் கருநிழலைத் திறக்கும் முன் 18 கேஜ் ஊசியால் உறிஞ்சிப் பாருங்கள். ரத்தம் தானாகப் பொங்கி ஏறினால் ஊசியை எடுத்து அழுத்திப் பிடித்து, அத்தோடு நிறுத்தி அனுப்புங்கள். காதடி உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்தை வெட்டக்கூடாது, ஊசி வைத்து உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.தான், அதுவும் அதற்குரிய இடத்தில். சமமில்லாத நிறத்தோடு பரவும் கறுப்புத் திட்டை நேராக அனுப்பிவிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் என்றால் அன்றைய ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பாருங்கள், 3.5-க்குள் இருந்தால் சின்னத் துண்டு எடுத்து நன்றாகத் தையல் போட்டு அழுத்தி வைக்கலாம். ஆஸ்பிரினுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மார்ச் 7, இரவு. வாய் அறுவை

ஒரு மறுப்பு. பார்த்தவுடன் புற்று என்று தெரியும் 3 செ.மீ. கெட்டியான புண்ணை ஜெனரல் பிராக்டிஷனர் தொடவே கூடாது என்பது என் கருத்து. புற்றின் நிலைகளை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. கையேட்டின் 8-ஆம் பதிப்பிலிருந்து வாய்ப்புற்றின் டி நிலையை (கட்டி எவ்வளவு பெரிது என்பதை)த் தீர்மானிப்பதில் ஊடுருவிய ஆழமும் வந்துவிட்டது. 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஆழம் 5 மி.மீ. தாண்டினால் அது முதல் நிலையான டி1 இல்லை. சின்னப் புண்ணை முழுசாக அகற்றிவிட்டு அனுப்பினால் எல்லை எங்கே இருந்தது என்றே எங்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எவ்வளவு எடுப்பது?

மார்ச் 8. நோய்க்குறியியல்

முழுசாக அகற்றக்கூடாது என்பதில் முழு உடன்பாடு. சந்தேகத் திட்டில் கிளினிக்கில் எடுப்பது ஒரு பகுதி மட்டும். அகற்றி எடுப்பது உரசலால் வந்த ஃபைப்ரோமா, மியூக்கோசீல் போன்ற தீங்கற்ற வீக்கங்களுக்கு. அவற்றையும் குப்பையில் போடாமல் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

தெளிவான புற்றை அன்றே படமெடுத்து, சிகிச்சை கொடுக்கப் போகும் இடத்துக்குப் போனில் சொல்லி, கடிதத்தோடு அனுப்புவது நல்லது. சென்னைப் பக்கம் என்றால் 1954 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்களுக்கு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி. ஆனால் கமிட்டி நினைக்கும் "அனுப்பிவிடுவோம்" இந்த வகையைப் பற்றியது மட்டும். கிளினிக்கில் அதிகம் வருவது 1 செ.மீ. வெள்ளைத் திட்டு, வலியில்லாதது. அவரைப் பேருந்து ஏற்றி அனுப்பினால் ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டும். போகமாட்டார். அவருக்கு 15 நிமிட பயாப்ஸியை இங்கேயே செய்யும் கை வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

மார்ச் 9. இழையைத் தொடங்கியவர்

மாவா, ஹான்ஸ் என்று பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் வாய் திறக்க முடியாமல் நிறையப் பேர் வருகிறார்கள். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் (வாயின் உள்தோல் நாராகி இறுகும் நோய்) உள்ள எல்லோருக்கும் பயாப்ஸி தேவையா?

மார்ச் 9. நோய்க்குறியியல்

தேவையில்லை. வெளுத்த கன்னம், விரலால் தடவினால் தெரியும் நார்க்கயிறு, காரம் தாங்காத எரிச்சல், பாக்குப் பழக்கம், இவையெல்லாம் சேர்ந்தால் பார்த்தே சொல்லிவிடலாம். வெறும் கயிற்றை வெட்டினால் அந்தக் காயமும் தழும்பாகி இறுகும். அதே வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்பு, ஆறாத புண், தடிப்பு தெரிந்தால் அந்த இடத்திலிருந்து கட்டாயம் எடுக்க வேண்டும். எர்ணாகுளம் பக்கம் 17 ஆண்டு தொடர்ந்து கவனித்த நோயாளிகளில் 7.6% பேருக்கு இது புற்றாக மாறியது.

வாய்த் திறப்பை "இரண்டு விரல்" என்று எழுத வேண்டாம். யாருடைய விரல்? மேல் நடுப்பல் முனையிலிருந்து கீழ் நடுப்பல் முனைக்கு வெர்னியரால் மி.மீ.யில், எப்போதும் அதே இரண்டு பல்லில், ஒவ்வொரு வரவிலும் அளக்க வேண்டும். பழக்கத்தைக் கேட்கும்போது எந்தப் பக்கம் அடக்கி வைக்கிறார், எவ்வளவு நேரம், தூங்கும்போதும் வாயில் இருக்குமா என்று கேளுங்கள். அடக்கும் பக்கத்தில் கண்ணை இன்னும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

மார்ச் 10. கதிரியல்

சி.பி.சி.டி. (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) விட்டுப்போனது. இம்பிளாண்டுக்காக எடுத்த முப்பரிமாணப் படத்தில் இம்பிளாண்ட் போடும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறார்கள். பதிவான அனைத்துக்கும் படத்தைக் கேட்டவர் பொறுப்பு, முழுக்கப் படியுங்கள் அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதில் காட்டும் சாம்பல் எண்ணை சி.டி.யின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணாக (திசு அடர்த்தியின் அளவு) எடுத்துக்கொள்ளாதீர்கள். மென்திசுவுக்கு அது உதவாது.

கருத்துக் கேட்டு வாட்ஸாப்பில் படம் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். டியூப்லைட்டில் பிடித்த ஃபிலிமைச் செல்போனில் எடுத்த படத்தில் லாமினா டியூராவை (பல் வேரைச் சுற்றிய மெல்லிய வெள்ளைக் கோடு)த் தேட முடியாது. எக்ஸ்ரே கருவி ஏ.இ.ஆர்.பி.யின் (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) இ-லோரா தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பேன்.

மார்ச் 11. நோய்க்குறியியல்

தனிச்செய்தியில் டொலுய்டின் புளூ சாயம் பற்றியும் நிற ஒளி காட்டும் கருவிகள் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஒரு நாள் பயிற்சியில் அவற்றுக்கு இடம் தரமாட்டேன். 1% அசிட்டிக் அமிலத்தால் 20 நொடி கொப்பளித்து, சாயம் தடவி, மீண்டும் அமிலத்தால் கழுவிய பின் நீலம் நின்றால் சந்தேகம். சாதாரணப் புண்ணிலும் அழற்சியிலும்கூட நீலம் நிற்கும். நிற்காவிட்டால் நிம்மதி கொள்ளவும் முடியாது. பெரிய திட்டில் எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான். கண்ணுக்குச் சந்தேகமாக இருப்பதைக் கருவி "இல்லை" என்று சொல்வதால் விடக்கூடாது.

கோரிக்கைப் படிவத்துக்கு அரை மணி நேரம் வைக்க வேண்டும். "நாக்கு, பயாப்ஸி" என்ற இரண்டு சொல்லோடு பாட்டில் வருகிறது. வயது, இடம், பக்கம், எத்தனை நாள், நிறம், அளவு, பழக்கம், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, உங்கள் மனதில் இருக்கும் மூன்று நோய். எலும்பென்றால் எக்ஸ்ரே இல்லாமல் அனுப்பவே கூடாது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்ற இரண்டு எலும்பு நோயும் ஸ்லைடில் ஒன்றுபோல் இருக்கும், எல்லை எப்படி என்று படம்தான் சொல்லும். ஜயன்ட் செல் என்று ரிப்போர்ட் வந்தால் கால்சியமும் பாரா தைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும். ஹைப்பர் பாராதைராய்டிசத்தின் பிரவுன் ட்யூமர் நுண்ணோக்கியில் அதே முகத்தோடுதான் இருக்கும்.

ஈறு தோலுரிந்து ரத்தம் கசிகிறது, பெம்ஃபிகஸ் (கொப்புளம் வரும் நோய்) சந்தேகம் என்றால் இரண்டு துண்டு. ஒன்று ஃபார்மலினில். மற்றது இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு (ஒளிரும் சாயத்தால் பார்க்கும் சோதனை), புண்ணை ஒட்டிய நல்ல தோலிலிருந்து, மிஷெல் திரவத்தில். அது இல்லாவிட்டால் சலைனில் போட்டு ஒரு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தத் துண்டு ஃபார்மலினைத் தொட்டால் வீண். மார்ச் 4-இல் சலைன் கூடாது என்றது ஃபார்மலினுக்குப் போக வேண்டிய துண்டுக்கு.

மார்ச் 12. நோய்க்குறியியல்

ரிப்போர்ட் படிப்பது. "ஹைப்பர்கெரட்டோசிஸ் (மேல்தோல் தடிப்பு), டிஸ்பிளேசியா இல்லை" என்பது அந்தத் துண்டில் இல்லை என்று மட்டும் பொருள். திட்டு முழுக்க இல்லை என்று ஆகாது. கண்ணுக்கு மோசமாகத் தெரிந்ததும் ரிப்போர்ட்டும் பொருந்தவில்லை என்றால் லேபுக்குப் போன் செய்யுங்கள், வேறு இடத்திலிருந்து மறுபடி எடுங்கள். டிஸ்பிளேசியாவில் மைல்டுக்கும் மாடரேட்டுக்கும் நடுவே இரண்டு நோய்க்குறியியலாளர் வேறுபடுவது சகஜம்.

தேர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையிலும் மாலையிலும் 20 படம் வீதம் வையுங்கள், இரண்டும் வேறு வேறு படம். பாதி இயல்பான வாய்: ஃபோர்டைஸ் புள்ளி, கன்னக் கோடு, இழுத்தால் மறையும் லூக்கோஎடிமா, ஜியோகிராஃபிக் நாக்கு, நாக்கின் பின் ஓரத்து ஃபோலியேட் பாப்பில்லா, டோரஸ். நோயை மட்டும் காட்டினால் எல்லாவற்றையும் அனுப்பு என்று எழுதியே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பிடித்தது எத்தனை, தேவையில்லாமல் பயமுறுத்தியது எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு 20.

மார்ச் 14. இழையைத் தொடங்கியவர்

கமிட்டி ஒத்துக்கொண்டது, 24 பேரோடு. காலை 9 முதல் 10.30 வாய்ப் பரிசோதனை, 1 மணி வரை பயாப்ஸி மேசை, மதியம் கதிரியல் இரண்டு மணி நேரம், பிறகு படிவமும் ரிப்போர்ட்டும். 12 நாக்கு சொல்லியாகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: 24 பேருக்கு நான்கு துண்டு என்றால் 96 பிளாக், செலவு கட்டுப்படியாகவில்லை.

மார்ச் 14. நோய்க்குறியியல்

நான்கு பேர் கொண்ட 6 குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் சரியாக எடுத்த துண்டு ஒன்று, அது 24. நசுக்கியது, சலைன், ஸ்பிரிட் மூன்றும் குழுவுக்கு ஒரு செட், அது 18. மொத்தம் 42 பிளாக். சரியாக எடுத்த துண்டு மட்டும் கட்டாயம் தனிப்பெயரில் இருக்கட்டும். சலைன் பாட்டிலை வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதீர்கள், அறை வெப்பத்திலேயே ஒரு நாள் இருந்தால் போதும், திங்கள் காலை ஃபார்மலினுக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணைப் பென்சிலால் எழுதி உள்ளேயும் ஒரு துண்டுத்தாள் போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.